சாட்சியின் காது

அத்தியாயம் 19

உலகம் நிற்பது சத்தியத்தின் மேல். சத்தியம் நிற்பது சாட்சியின் மேல். எழுதிய காகிதத்தைச் செல்லரிக்கும், வெட்டிய கல் தேயும். கேட்ட காது ஒன்று இருக்கும்வரை ஒரு சொல்லுக்குச் சாவில்லை. ஒரு பெண் சொல்லும் சம்மதத்தைச் சிந்தாமல் சிதறாமல் ஏந்திவந்து சபையில் வைக்கிறாரே, அந்தப் பெரியவரின் காது சாதாரணக் காது அல்ல. அது நம்பி ஒப்படைத்ததைக் காக்கும் அமானிதப் பெட்டகம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, நிலைக்கண்ணாடியைப் பார்த்து இப்படிப் பேசி முடித்தார் சுலைமான் ராவுத்தர். முடித்த கையோடு, அமானிதப் பெட்டகம் 'கீ...' என்று கூவியது.

"பால் குக்கரை அடுப்புல வச்சுட்டு எங்க போனீங்க?" என்று மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த மைதீன் பீவி இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடி வந்தாள்.

"அணைச்சாச்சு, அணைச்சாச்சு," என்று சுலைமான் வலது காதுக்குப் பின்னாலிருந்த குட்டிச் சக்கரத்தைத் திருகினார். கூவல் நின்றது. கூடவே மைதீன் பீவியின் குரலும் நின்றுபோனது. வாய் மட்டும் அசைந்தது. நாற்பத்தொரு வருட இல்லறத்தில் அந்த வாய் அசைவை வைத்தே அது எந்தத் திட்டு என்று அவரால் சொல்லிவிட முடியும்.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு இந்தக் காது பழக்கம். இன்றுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை.

சுலைமானுக்கு வயது அறுபத்தொன்பது. தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் முப்பத்தெட்டு வருடம் தகர ட்ரங்க் பெட்டி அடித்து விற்றவர். கடையை மகன் ஷாநவாஸ் எடுத்துக்கொண்டு, பெட்டிகளைத் துரத்திவிட்டுச் சக்கரம் வைத்த பைகளை அடுக்கிவிட்டான். தகரம் போய்விட்டது. தகரத்தின் சத்தம் மட்டும் சுலைமானின் காதில் தங்கிவிட்டது. வேறு சத்தத்தை அது எளிதில் உள்ளே விடுவதில்லை.

அவர்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. நிக்காஹ் அன்று பெண்ணின் தகப்பன் உள்ளே போய்ச் சம்மதம் கேட்பதில்லை. பெற்றவன் முகத்துக்கு நேரே பெண் மனதில் உள்ளதைச் சொல்லமாட்டாள் என்று, வீட்டுக்கு ஒருவராக இரண்டு பெரியவர்கள் போவார்கள். ஒருவர் கேட்பார், இருவரும் காதில் வாங்குவார்கள், சபைக்கு வந்து சொல்வார்கள். நல்ல ஏற்பாடுதான். மரியாதைப்பட்டவர்களாகப் பார்த்து அனுப்ப வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. மரியாதை வயதோடு வருகிறது. வயதோடு வேறென்னவெல்லாம் வருகிறது என்பதை மட்டும் யாரும் யோசித்துப் பார்த்ததில்லை.

பெண் வீட்டுச் சார்பில் சுலைமான்தான் எப்போதும். அந்த ஒரு நாளைக்காக அவர் மற்ற நாட்களைப் பொறுத்துக்கொண்டிருந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

இன்றைக்கு மணப்பெண் ஷிபா; மைதீன் பீவியின் தம்பி முகமது யாசீனின் மகள். கே.கே. நகரில் காது பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. நாள் பூராவும் அடுத்தவர் காதில் ஹெட்போனை மாட்டி, 'கேட்குதா, இப்போ கேட்குதா' என்று கேட்கிற வேலை. மாப்பிள்ளை வீடு பரவை, டைல்ஸ் ஷோரூம். "எங்க வீட்டுக்கு வந்தா பொண்ணு வேலைக்குப் போகத் தேவையில்ல," என்று மாப்பிள்ளையின் அம்மா பூ வைக்க வந்த அன்று சொன்னது போன வாரம். 'தேவையில்லை'யா, 'கூடாது'வா என்று ஷிபா கேட்டாள். அதற்கு எல்லாரும் சிரித்தார்கள். "அதெல்லாம் பேசிக்கலாம்மா," என்றார் யாசீன். பேசவில்லை.

இனி இந்த வாரம்.

* * *

"அத்தா, ஃபுல் சார்ஜ் ஏத்தியாச்சு. எட்டு மணி நேரம் தாங்கும்," என்றான் ஷாநவாஸ், இடியாப்பத்தைப் பிட்டுக்கொண்டே. காது மெஷினை ஆன்லைனில் வாங்கித் தந்தவன் அவன்தான்.

"தாங்குறது நான்டா," என்றாள் மைதீன் பீவி. "இதை மாட்டுனதுல இருந்து நான் ஒரு கரண்டியைக் கீழ வச்சா உங்கத்தா வெடி வச்ச மாதிரி குதிக்கிறாரு. எதுத்தாப்புல நின்னு பேசுனா 'என்ன?'ங்கிறாரு. கரண்டி பேசுனா கேக்குது, பொண்டாட்டி பேசுனா கேக்கல."

"நாலாயிரத்து முந்நூறு பேரு நல்லாருக்குன்னு எழுதியிருக்கான்மா."

"அவனுக பொண்டாட்டியும் எழுதியிருக்காளா?"

ஷாநவாஸ் தேங்காய்ப்பாலை ஊற்றிக்கொண்டான்.

"ஷிபா உன்கிட்டதானே சொன்னா? காதை அளந்து பாக்கணும், எந்தச் சத்தம் கம்மியாக் கேக்குதோ அதை மட்டும் தூக்கிக் குடுக்கணும். இது காத்தாடியையும் தூக்குது, கார் ஹாரனையும் தூக்குது, மனுசனையும் தூக்குது. எல்லாம் ஒரே தூக்கு. கூட்டி வச்சுக்கிட்டே இருந்தா இருக்கிற கொஞ்சநஞ்சமும் போயிரும்னாளே!"

"அவ சொல்றது சரிதாம்மா. ஆனா அவ சொல்ற இடத்துக்கு அத்தா வரணுமில்ல? ஆறு வருசமா கூப்புடுறேன். வந்தாரா? இதையாவது மாட்டிக்கிட்டாரேன்னு சந்தோசப்படு. விலையும் ரெண்டாயிரத்துக்குள்ள. சரியில்லையா, தூக்கிப் போட்டுட்டுப் போறோம்."

"எதை? மெஷினையா, உங்கத்தாவையா?"

இந்த வாதம் முழுவதும் சுலைமானுக்கு இரண்டடி தூரத்தில் நடந்தது. அவர் காதில் விழுந்தது, ஷாநவாஸ் தட்டில் விரல் போட்டு வழிக்கும் சத்தம். அது மட்டும் துல்லியமாக, ரம்பம் அறுப்பதுபோல விழுந்தது.

ஷாநவாஸ் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. அவர் போகாததற்குக் காரணம் காசு இல்லை. ஷிபா வேலை பார்க்கும் நிலையத்துக்கு ஆளுயரக் கண்ணாடிக் கதவு, பக்கத்தில் பலகை, பலகையில் கதவளவுக்கு ஒரு காதுப்படம். அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், அடுத்த வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அப்புறம் காது கேட்காதவரைச் சம்மதம் கேட்டு வர யார் அனுப்புவார்கள்?

தபாலில் வந்த மெஷினுக்கு அந்தத் தொல்லை இல்லை. அட்டைப்பெட்டியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கோடி ரூபாய் கிடைத்ததுபோலச் சிரித்துக்கொண்டிருந்தார். அடியில் பொடி எழுத்தில், இது மருத்துவக் கருவி அல்ல என்று போட்டிருந்தது. அதைப் படிக்க வேண்டுமானால் கண்ணுக்கு ஒரு மெஷின் வாங்க வேண்டும். உள்ளே மெஷின் இரண்டு. ரப்பர் முனை மூன்று அளவில். மூன்றில் எதுவும் இடது காதுக்குச் சேரவில்லை. ஆகவே வலது காதுக்கு மட்டும் மாட்டிக்கொண்டார்.

தலைப்பாகையைக் கட்டினார். துணி மெஷின் மேல் பட்டதும் மறுபடி 'கீ...'

சக்கரத்தைக் கூட்டினால் கூவல். குறைத்தால் ஒன்றுமே இல்லை. இரண்டுக்கும் நடுவில் எள்ளளவு ஓர் இடம் இருந்தது; அங்கே நிறுத்தினால் உலகம் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்டது. அதில் நிறுத்தி, மேலே அத்தர் தடவிக்கொண்டு காரில் ஏறினார்.

* * *

மண்டபம் பரவைக்குச் சற்று முன்னால், திண்டுக்கல் ரோட்டில். வாசலில் இறங்கியதுமே சுலைமானின் வலது காதுக்குள் ஊர் புகுந்துவிட்டது. ஜெனரேட்டர், பஸ் ஹாரன், பிரியாணி அண்டாவை இழுக்கும் சத்தம், பிளாஸ்டிக் நாற்காலிகள், "மைக் டெஸ்டிங், ஒன் டூ". எல்லாம் ஒரே உயரத்தில். மனிதர்கள் பேசுவது மட்டும் அவற்றுக்கு அடியில் எங்கோ நசுங்கிக் கிடந்தது.

"வாங்க மச்சான்," என்று யாசீன் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் தூக்கமில்லை. "புள்ள நேத்துல இருந்து ஒரு மாதிரி இருக்கு. நீங்கதான் நல்லபடியா கேட்டு வரணும்."

சுலைமானுக்கு யாசீனின் வாய் தெளிவாகத் தெரிந்தது. பட்டறையில் சுத்தியல் அடிக்கு நடுவே முப்பத்தெட்டு வருடம் வாயைப் பார்த்தே வியாபாரம் பேசியவர். "நான் இருக்கேன்ல யாசீனு," என்றார்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் பிச்சை ராவுத்தர் வந்து சேர்ந்தார். மாப்பிள்ளையின் பெரியத்தா, எழுபத்து நாலு வயது, பரவையில் வெங்காய மண்டி வைத்து மகன்களிடம் ஒப்படைத்தவர். சலாம் சொல்லி இருவரும் மார்போடு மார்பாகத் தழுவிக்கொண்டார்கள்.

கீ... கீ...

இரண்டு கூவல்கள். ஒன்று கொஞ்சம் கனமான குரல்.

சுலைமான் சட்டென்று விலகினார். பிச்சை ராவுத்தரும் விலகினார். இரண்டு தலைப்பாகைகளும் ஒரே நேரத்தில் ஒரே பக்கமாகச் சரி செய்யப்பட்டன.

"மைக்செட்காரன் சரியில்ல," என்றார் பிச்சை ராவுத்தர்.

"ஆமாமா. காதைப் பொளக்குறான்," என்றார் சுலைமான்.

இரண்டு பேருடைய மரியாதையும் காப்பாற்றப்பட்டது.

பதினொன்றரைக்கு ஹஜ்ரத் வந்து உட்கார்ந்தார். பள்ளிவாசல் இமாமாகப் புதிதாகப் பொறுப்பேற்றவர், முப்பத்தைந்து வயதிருக்கும். பச்சை அட்டை போட்ட நிக்காஹ் பதிவேட்டைத் திறந்து, பெயர்களை எழுதி, "பெரியவங்க போய்ப் பொண்ணுகிட்ட கேட்டுட்டு வாங்க," என்றார்.

பெண்கள் அறையில் ஏர் கூலர் ஒன்று புயலடித்துக்கொண்டிருந்தது. அறுபது பெண்கள், அறுபது ஜதை வளையல்கள். சுலைமான் வாசலைத் தாண்டியதும் அத்தனையும் வலது காதில் கொட்டியது. கைதவறி ஆணி டப்பாவைக் கவிழ்த்ததுபோல இருந்தது.

நடுவில் ஷிபா உட்கார்ந்திருந்தாள். முகத்தை மூடி மல்லிகைச் சரங்கள் மார்புவரை தொங்கின. வாய் தெரியவில்லை.

அதை அவர் எதிர்பார்க்கவில்லை. மற்றக் கல்யாணங்களிலும் பூ உண்டு. யாராவது ஒருத்தி அதை ஒதுக்கிப் பிடிப்பாள். இன்று ஒதுக்க ஆளில்லை. போட்டோக்காரி வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மனப்பாடமான வாசகத்தைச் சுலைமான் கம்பீரமாகச் சொன்னார். இன்னார் மகன் இன்னாருக்கு, மாப்பிள்ளை தரும் இன்ன மஹருக்கு, உன்னை நிக்காஹ் செய்துகொடுக்க உனக்குச் சம்மதமா?

வளையல்கள் அடங்கின. ஏர் கூலர் அடங்கவில்லை. சுலைமான் காது அரிப்பதுபோலப் பாவனை செய்து சக்கரத்தைக் கூட்டினார். 'கீ...' குறைத்தார். ஒன்றுமில்லை. எள்ளளவு இடத்தைத் தேடினார். இன்று அது இருந்த இடத்தில் இல்லை.

மல்லிகைச் சரங்கள் ஆடின. பேசுகிறாள்.

சரங்கள் நிறைய நேரம் ஆடின. 'சம்மதம்' என்பது ஐந்தெழுத்து. இவ்வளவு ஆட வேண்டியதில்லை. படித்த பிள்ளை, முழு வாக்கியமாகச் சொல்கிறது என்று சுலைமான் நினைத்துக்கொண்டார்.

சரங்கள் நின்றன. அறுபது பெண்களும் அவரையே பார்த்தார்கள். அவர் பிச்சை ராவுத்தரைப் பார்த்தார். பிச்சை ராவுத்தர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுலைமான் மெதுவாகத் தலையசைத்தார். பிச்சை ராவுத்தரும் தலையசைத்தார். அவர் தலையசைத்ததைப் பார்த்ததும் சுலைமானுக்கு நிம்மதியாகிவிட்டது. இன்னொரு தரம் பலமாக அசைத்தார்.

மைதீன் பீவி எதையோ சொல்லி அவர் கையைத் தொட்டாள். சந்தோஷத்தில் தொடுகிறாள் என்று எடுத்துக்கொண்டு, "மாஷா அல்லாஹ்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

* * *

சபையில் நானூறு பேர். ஹஜ்ரத் மைக்கை நீட்டினார்.

ஒரு வார்த்தையில் முடிக்க வேண்டிய வேலை. மைக் கைக்கு வந்தபின் ஒரு வார்த்தையோடு நிறுத்தியவர் யார்? சத்தியம், சாட்சி, அமானிதம் எல்லாம் வந்தன. காலையில் கண்ணாடி கேட்டதைவிட நாலு வரி கூடுதலாகவே வந்தன. முடிவில், "பொண்ணு முழு மனசோட சம்மதம் சொல்லுச்சு. என் காதாரக் கேட்டேன்," என்றார். குரல் தழுதழுத்தது, அவருக்கே பிடித்திருந்தது.

"நானும் கேட்டேன்," என்றார் பிச்சை ராவுத்தர்.

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பெண்ணின் கையெழுத்துக்காக ஷாநவாஸ் பதிவேட்டைப் பெண்கள் அறைக்கு எடுத்துப் போனான்.

மாப்பிள்ளை மாலையைச் சரி செய்துகொண்டார். வீடியோக்காரர் விளக்கைப் போட்டார். பேரீச்சம்பழத் தட்டுகள் சுற்றி வரத் தயாராக நின்றன.

ஷாநவாஸ் திரும்பி வந்தான். நடையில் ஏதோ கோளாறு. அவனுக்குப் பின்னால் மைதீன் பீவி வந்தாள். ஆண்கள் பக்கத்துத் திரையை அவள் தாண்டியது அந்த நாற்பத்தொரு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

பதிவேட்டில் பெண்ணின் இடம் வெள்ளையாக இருந்தது.

"பேனா எழுதலையா?" என்றார் யாசீன்.

"புள்ள கேட்டதுக்குப் பதில் எங்க?" என்றாள் மைதீன் பீவி. கணவரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

சபை அடங்கிப்போனது. ஒரு நாற்காலி நகரவில்லை. ஜெனரேட்டரைக்கூட யாரோ அணைத்திருந்தார்கள். சத்தமே இல்லாத இடத்தில் அந்த மெஷின் நன்றாகத்தான் வேலை செய்தது. அன்றைக்கு முதல் முறையாகச் சுலைமானுக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"என்ன பதில்?" என்றார்.

"என்ன பதிலா? 'கல்யாணத்துக்கப்புறம் நான் வேலையை விடமாட்டேன். சரின்னு மாப்பிள்ளை சபையில தன் வாயால சொல்லட்டும், அப்புறம் எனக்குச் சம்மதம். சொல்லலைன்னா இல்ல.' இம்புட்டையும் உங்க ரெண்டு பேரு மூஞ்சியப் பாத்துத்தானே சொன்னா? நீங்க மாஷா அல்லாஹ்ன்னுட்டு எந்திரிச்சு வந்தீங்க. சபையில கேட்டுப் பதில் கொண்டுட்டு வருவீங்கன்னு அறுபது பொம்பளைங்க வாசலையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கோம். கையெழுத்துப் போடச் சொல்லி நோட்டு வருது!"

சுலைமான் குனிந்தார். பதிவேட்டைப் பார்த்தார். பெண் சம்மதித்தாள் என்ற வரிக்குக் கீழே அவருடைய கையெழுத்து. வாலைச் சுழித்து இரண்டு புள்ளி வைத்த கையெழுத்து. அவள் கூச்சப்பட்டுப் பேசாமல் கையெழுத்துப் போட்டிருந்தால்? இருபத்தாறு வயதுப் பெண்ணின் பிழைப்பை, மாஷா அல்லாஹ் என்று சொல்லி அவர் துடைத்துப் போட்டிருப்பார். நானூறு பேர் அதற்குப் பிரியாணி சாப்பிட்டிருப்பார்கள்.

"மச்சான்," என்றார் யாசீன். அதைவிட அடித்திருக்கலாம்.

ஹஜ்ரத் பதிவேட்டை மூடினார். "நீங்க கேட்டீங்களா, இல்லையா?" என்று பிச்சை ராவுத்தரிடம் கேட்டார்.

"அவரு தலையாட்டுனாரு."

"அவரு கேட்டாரா?"

"நான் அவரைப் பாத்தேன். ஆட்டுனாரு. ஆட்டுனேன்."

ஹஜ்ரத் சுலைமானிடம் திரும்பினார்.

"நான் ராவுத்தரைப் பாத்துத்தான்..." என்று சுலைமான் ஆரம்பித்தார். கையை உயர்த்தித் தலைப்பாகையை அவிழ்த்தார். நானூறு பேர் முன்னால் அந்தத் தோல் நிற மெஷின் வெளியே வந்தது. அதைப் பார்த்ததும் பிச்சை ராவுத்தரின் கை தன் தலைப்பாகைக்குப் போனது. அங்கேயும் அதே மெஷின், அதே நிறம்.

"ஆன்லைனா?" என்றார் சுலைமான் மெதுவாக.

"பேரன் வாங்கிக் குடுத்தான்," என்றார் பிச்சை ராவுத்தர்.

ஹஜ்ரத் சிரிக்கவில்லை. "சம்மதம் இல்லாம நிக்காஹ் இல்ல," என்றார். "மறுபடி கேக்கணும். கேட்டு வர ரெண்டு ஆம்பளை வேணும்." என்றவர் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, பக்கத்திலிருப்பவரிடம் ரகசியம் பேசுகிற குரலில், "இது கேக்குறவங்க கையத் தூக்குங்க," என்றார்.

பின்வரிசைகளில் கைகள் முளைத்தன. பந்தி பரிமாறுகிற பையன்கள், மாப்பிள்ளையின் சிநேகிதர்கள், ஷாநவாஸ். பெரியவர்களுக்கென்று வெள்ளை உறை போட்ட முன்வரிசைச் சோபாக்களில் ஒரு கையும் எழவில்லை. ஹஜ்ரத் ஏதோ துஆ ஓதுகிறார் போலும் என்று அவர்களில் இரண்டு பேர் "ஆமீன்" சொன்னார்கள்.

ஷாநவாஸும் மாப்பிள்ளையின் சிநேகிதன் ஒருவனும் போனார்கள். இரண்டு நிமிடத்தில் வந்தார்கள். ஷாநவாஸ் மைக்கில் ஷிபாவின் வார்த்தைகளை ஒன்றுவிடாமல் சொன்னான். அலங்காரம் எதுவும் சேர்க்கவில்லை; அவசியமும் இல்லை.

எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை அவர் அத்தாவைப் பார்த்தார். அத்தா, பெண்கள் பக்கத்துத் திரையைப் பார்த்தார்.

"ஒரு அஞ்சு நிமிசம் பேசிட்டு வாரோம்," என்றார் மாப்பிள்ளையின் அத்தா. மண்டப ஆபீஸ் அறைக்குள் மாப்பிள்ளையும் பெற்றவர்களும் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

ஐந்து நிமிடம் பத்தாயிற்று. பத்து இருபதாயிற்று.

* * *

சுலைமான் பெண்கள் அறை வாசல் ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெஷின் கைக்குட்டைக்குள் இருந்தது. யாரும் அவரிடம் பேசவில்லை. பேசியிருந்தாலும் தெரிந்திருக்காது.

தோளில் ஒரு கை விழுந்தது. மருதாணிக் கை. பூச்சரங்களைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு ஷிபா நின்றிருந்தாள். கண்ணில் அழுத அடையாளம் இல்லை. அழப்போகும் அடையாளம் இருந்தது.

அவர் எழுந்தார். "ம்மா... மாமா உன்னைய..." என்றார். நாக்கு ஒத்துழைக்கவில்லை. காலையில் கண்ணாடி முன் அவ்வளவு சரளமாக வந்த நாக்கு அது.

"உக்காருங்க மாமா," என்று ஷிபா சைகை காட்டினாள். "அந்தப் பக்கம் கதவையே பாத்துக்கிட்டு இருந்தா எனக்குக் கிறுக்குப் புடிச்சிரும். ஏதாவது வேலை பாக்கணும். தலையச் சாய்ங்க."

மைதீன் பீவி கைப்பேசி விளக்கை அடித்துப் பிடித்தாள். பட்டுப் புடவையோடு, நெற்றியில் சுட்டியோடு, மணப்பெண் குனிந்து பார்த்தாள். காது மடலை மேலே தூக்கி, பின்னால் இழுத்து, வேலையில் பார்க்கிற மாதிரி. ஆண்கள் பக்கத்திலிருந்து தலைகள் திரும்பின. திரை பாதி விலகியிருந்தது. யாருக்கும் அதை இழுத்து மூடத் தோன்றவில்லை.

பிச்சை ராவுத்தர் மெல்ல எழுந்து வந்தார். சுலைமானுக்குப் பின்னால், ரேஷன் கடையில் நிற்பதுபோல, நின்றுகொண்டார். அவருக்குப் பின்னால் முன்வரிசைச் சோபாவிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள்.

"அந்தக் காதைக் காட்டுங்க," என்றாள் ஷிபா. பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"மாமா, மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி யாருமே இதுக்குள்ள பாக்கலையா?"

"என்னம்மா?"

ஷிபா குரலை உயர்த்தினாள். அவருக்குக் கேட்க வேண்டுமென்றால் அவ்வளவு உயர்த்தத்தான் வேண்டும். சபை இன்னும் மூச்சுவிடாமல் இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆபீஸ் அறைக் கதவு திறந்தது. மாப்பிள்ளை தனியாக வெளியே வந்தார். கழுத்திலிருந்த பூமாலை கையில் இருந்தது. தன் பெரியத்தா மணப்பெண்ணுக்கு முன்னால் வரிசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து நின்றுவிட்டார். ஷிபா அவரைப் பார்த்தாள். மாப்பிள்ளை எதையோ சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் அவருக்கு முந்தி, சுலைமானின் காதுக்காகக் கிளம்பிய ஷிபாவின் சத்தம் மண்டபம் முழுவதும் போய்விட்டிருந்தது.

சுலைமான் ராவுத்தரின் வலது காதில் அழுக்கு அடைத்திருந்தது. இடது காதிலும் அழுக்குதான்.